மூன்று தவணையில் வந்த கழுதைக்காரர்

கழுதைக்காரர் இறந்து பல வருடங்கள் கழித்துத் தன் வீட்டுக்கு மூன்று தவணையாகத் திரும்பி வந்தார். முதலில் வந்தது முழங்கால். முன்பின் தெரியாத ஒரு நடுவயது மனிதரின் வலது காலில் பொருந்தியிருந்த அது, தெருமுனைச் சேற்றுக் குட்டையைக் கண்டதும் நின்றுபோன ஒரு புத்தம்புது மோட்டார் சைக்கிளை அந்த மனிதரைத் தள்ளவைத்து, மேட்டில் விந்தி விந்தி அவரைக் கூட்டிவந்தது. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நாத்தனார், அதாவது இறந்தவரின் அக்கா, நிமிர்ந்து பார்த்தார். ஒரு அடி நேராக, அடுத்த அடி வெளிப்பக்கம் அரைவட்டம் போட்டு என்று அந்த நடை வந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, மழை வருகிறது என்று சொல்கிற குரலில் உள்ளே பார்த்துச் சொன்னார்.

“ஏம்மா, தம்பியோட முட்டி வந்திருக்கு. ஆளு வேற யாரோ.”

கழுதைக்காரரின் மனைவி வெளியே வந்தாள். அவள் ஆளைப் பார்க்கவில்லை, முட்டியையும் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள். பெட்ரோல் டேங்க்கில் பெரிய எழுத்தில் ‘கழுதை’ என்று இருந்தது. பக்கத்தில், அச்சில் வைத்து அழுத்தி எடுத்ததுபோல வழவழவென்று ஒரு பள்ளம். “பள்ளம் தப்பான பக்கத்துல இருக்கு,” என்றாள். வந்தவருக்கு அது யார் வீடு என்றே தெரியாது. இந்த வலிக்குத் தான் பார்க்காத வைத்தியரில்லை என்றும், இந்தத் திசையில் வந்தால் மட்டும் வலி குறைகிறது என்றும், குறையக் குறைய வந்துகொண்டே இருந்ததில் இங்கே வந்து நிற்பதாகவும் சொன்னார். நாத்தனார் அவருக்கு ஒரு நாற்காலியும், காலை நீட்டி வைத்துக்கொள்ள ஒரு முக்காலியும் கொண்டுவந்து போட்டார். அந்த முக்காலி அந்த முட்டிக்கென்றே வீட்டில் இருந்தது.

பள்ளத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதையிலும் ஆற்றுப்படுகையிலும் ஓட்டுவதற்கென்றே மெலிந்த, உயரமான, ஊரைக் கூட்டுகிற சத்தம் போடும் மோட்டார் வண்டிகள் ஒரு காலத்தில் பல ஊர்ப் பட்டறைகளில் பிறந்துகொண்டிருந்தன. செய்தவர்கள் அவற்றுக்குப் புலி, கழுகு, சூறாவளி என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். இந்த ஊர்க்காரர் மட்டும் தன் வண்டிக்குக் கழுதை என்று வைத்தார். ஏன் என்று கேட்டால், “புலி மலை ஏறும், சரி. நம்மளத் தூக்கிக்கிட்டு ஏறுமா?” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. கழுதை வண்டி சேற்றில் சிக்காது, கல்லில் தயங்காது, கிக்கரை மிதிக்கத் தெரியாதவனைத் திருப்பி உதைக்கும். அதோடு, விழாத கழுதை எதுவும் விற்பனைக்குப் போனதில்லை. ஒவ்வொரு வண்டி முடிந்ததும் அவர் மனைவி அதைப் பட்டறைக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு ஓட்டிப்போய், வளைவில் துருத்திக்கொண்டிருக்கும் மஞ்சள் கல்லின்மேல் இடது பக்கமாகச் சாய்த்துவிட்டு வருவாள். வலது பக்கம் விழுந்தால் கிக்கர் வளையும், சைலன்சர் நசுங்கும். இடது பக்கம் என்றால் டேங்க்கில் உள்ளங்கை அளவு ஒரு பள்ளத்தோடு போயிற்று. புது வண்டி வாங்குகிறவன் முதல் கீறலுக்குப் பயந்து பயந்து ஓட்டியே விழுகிறான், அதை நாமே போட்டுக் கொடுத்துவிட்டால் அவன் நிம்மதியாக ஓட்டுவான் என்பது அவள் சொன்ன காரணம். உண்மையில் முதல் வண்டியை அவள் கைதவறித்தான் போட்டாள். திட்டு வாங்காமல் தப்பிக்க வாயில் வந்ததைச் சொன்னாள். கல்யாணமான புதிது என்பதால் அவர் நம்பிவிட்டார். பிறகு அவளும் நம்பத் தொடங்கினாள். வாங்கியவர்கள் யாரும் பயந்து ஓட்டவில்லை என்பதால், அது உண்மையாகவே ஆகிவிட்டது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கழுதைக்காரர் மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். சண்டை எதுவும் இல்லை. அன்று காலையும் அவள் வழக்கம்போல் புது வண்டி ஒன்றைக் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வந்தாள், கை கழுவினாள், சாப்பிட உட்கார்ந்தாள். அவர் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதன்பின் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் நாத்தனார் வழியாகத்தான் நடந்தது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அவர், “உப்பு வேணும்னு சொல்லுக்கா,” என்பார். உப்பு மனைவியின் கைப்பக்கத்தில் இருக்கும். அவள், “எடுத்துக்கச் சொல்லுங்க அண்ணி,” என்பாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி நாத்தனாருக்குக் கழுத்துச் சுளுக்கு நிரந்தரமானது. ஒரு நாள் பொறுமை இழந்து தம்பியைத் தனியே பிடித்து, என்னதான்டா உனக்கு என்று உலுக்கினார். அதற்கு அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்.

“அவளுக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டில் குறையா, அவர் பழைய சட்டையைத் துடைக்கிற துணியாக்கியதா, வண்டி வாங்க வந்தவரிடம் கூடுதலாகச் சிரித்தாளா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தாள். ஒரு வாரம் சட்டையைப் பற்றி மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள், அடுத்த வாரம் சாப்பாட்டைப் பற்றி. அவர் அசையவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் பட்டறையில் உட்கார்ந்தபடியே ஒரு நாள் அவர் இறந்துபோனார், காரணத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார். கணவன் போன துக்கம் ஒரு பக்கம், காரணம் தெரியாத எரிச்சல் ஒரு பக்கம். எது பெரியது என்று கேட்டால் அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். அவர்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை, அதனால்தான் அவ்வளவு எரிச்சல். பட்டறையை மூடிவிட்டு ஓர் ஓட்டுநர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, வயது வந்த பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். முதல் பாடம் விழுவது. பள்ளி முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மாணவிகள் நிறைய வந்தார்கள்.

கழுதைக்காரர் இறந்தபின் அவர் வண்டிகளுக்கு வந்த மவுசு அவர் இருந்தபோது வந்ததில்லை. பழைய கழுதை ஒன்று வீட்டில் நின்றால் அந்த வீட்டுக்கே ஒரு களை என்று ஆயிற்று. பெயரை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை என்று தெரிந்ததும் மூன்று பேர் மூன்று ஊரிலிருந்து ஒரே நாளில் பாய்ந்தார்கள். ஒருவர் இறக்குமதிக்காரர். எந்தப் பெயர் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் ஒரே மாதிரி வண்டிகளைக் கண்டெய்னர் கண்டெய்னராக வரவழைத்து, ‘அசல் கழுதை’ என்று ஒட்டி விற்றார். பழைய பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்துப் பள்ளத்தையும் தொழிற்சாலையிலேயே போடச் சொன்னார். அந்தப் படம் அச்சில் இடவலம் மாறிப்போன படம். எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இருப்பதைக் கவனித்து, அச்சகத்துக்காரனைத் திட்டிக்கொண்டே எழுத்துக்களை மட்டும் நேராக்கினார். பள்ளத்தைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாமவர் பொம்மைக்காரர். குழந்தைகள் உட்கார்ந்து காலால் உந்திப்போகும் பிளாஸ்டிக் கழுதைகளை விற்றார். மூன்றாமவர் சட்டைக்காரர். சட்டை, தொப்பி, கையுறை எல்லாவற்றிலும் கழுதை என்று அச்சடித்தார். இளவட்டங்கள் நெஞ்சில் கழுதை என்று எழுதிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைக் கழுதை என்று திட்டினால் பிள்ளைகள் நன்றி சொன்னார்கள், வேறு வசவு தேட வேண்டியதாயிற்று.

நான்தான் உண்மையான கழுதை என்று மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். மூன்று வழக்கறிஞர்களும் தங்கள் கட்சிக்காரரே கழுதை என்று தொண்டை கிழிய வாதாடியதைக் கேட்டுக் கேட்டு நீதிபதிக்குத் தூக்கத்திலும் சிரிப்பு வந்தது. கடைசியில் பெயரை மூன்றாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்னார். எஞ்சின் உள்ளவை எல்லாம் இறக்குமதிக்காரருக்கு, எஞ்சின் இல்லாமல் சக்கரம் மட்டும் உள்ளவை பொம்மைக்காரருக்கு, இரண்டும் இல்லாதவை சட்டைக்காரருக்கு. கழுதைக்காரரின் மனைவி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அன்று அவளுக்கு வகுப்பு இருந்தது.

தீர்ப்பு வந்த கையோடு பெயருக்குச் சொந்தமான மற்றவையும் பெயரோடு வந்து சேரத் தொடங்கின. கிக்கரை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டியும், எஞ்சினைத் தொட்டே நோய் சொல்லும் கைகளும் இறக்குமதிக்காரருக்குப் போயின. அதுவரை ஒரு திருகாணியைத் தொட்டறியாத அவர், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டத் தொடங்கினார். முட்டி அவரை இழுத்து வந்த அன்று, தன் வண்டிகள் சேற்றைக் கண்டால் நின்றுவிடுகின்றன என்ற குறையையும் சொன்னார். “விழுந்து பழகாத வண்டி, பயப்படத்தான் செய்யும்,” என்று அவள் சொல்லிவிட்டு, வேறொரு நினைப்பில் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உங்களுக்கு என்மேல் ஏதாவது வருத்தம் உண்டா என்று கேட்டாள். அவர் குழம்பிப்போய், இப்போதுதானே அம்மா பார்க்கிறேன் என்றார்.

அடுத்த மாதம் கோபம் வந்தது. பொம்மைக்காரர் சாதுவான மனிதர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். வாசலில் வந்து நின்றவர் அவளைக் கண்டதும் காதுமடல் வரை சிவந்தார்.

“உங்களப் பாத்ததும் கோவம் கோவமா வருதும்மா. ஏன்னு எனக்கே தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே கூட்டிவந்து, விசிறியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். “நல்லா யோசிச்சுப் பாருங்க. எதுக்குக் கோவம்?” அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பல்லைக் கடித்தார், கையை முறுக்கினார். கடைசியில் மூச்சை விட்டு, “கோவம் மட்டும்தாம்மா இருக்கு. காரணம் கூடவே வரல,” என்றார். அவரிடம் கழுதைக்காரரின் சிரிப்பும் இருந்தது, ஆனால் அவள் அறைக்குள் இருக்கும்போது அது வெளியே வராது. அவள் அடுக்களைக்குப் போனதும் நாத்தனாரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அவள் எட்டிப் பார்த்தால் முகம் மறுபடி தொங்கிவிடும். அது அவளுக்கு வலித்தது. நாத்தனாரோ ஆளுக்கு ஒரு தட்டு வைத்து, இரண்டு பேரையும் தம்பி என்றே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வரப் பழக்கிவிட்டார். முட்டி வருகிற வாரம் கோபம் வராது, கோபம் வருகிற வாரம் முட்டி வராது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், தீர்ப்பின்மேல் மூவரும் போட்டிருந்த மேல்முறையீட்டு வழக்குகளில் பின்னடைவு என்று வழக்கறிஞர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

“முட்டி வந்தாச்சு, கோவம் வந்தாச்சு,” என்று நாத்தனார் ஒரு நாள் விரல் விட்டு எண்ணினார். “பேச்சு எவன்கிட்ட போச்சோ.”

பேச்சு வானொலியில் இருந்தது. ‘விழுந்தாலும் கிழியாத கழுதைச் சட்டை’ என்று ஒரு விளம்பரத்தில் சட்டைக்காரரே பேசினார். குரல் கழுதைக்காரருடையது. கடைசிச் சொல்லை விழுங்கிவிடும் பழக்கம்கூட அப்படியே இருந்தது. நாத்தனார் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு, விளம்பரத்தில் சொன்ன எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். சட்டைக்காரர் எடுத்தார். அறிமுகமே தேவைப்படவில்லை, என்னக்கா எப்படியிருக்க என்று ஆரம்பித்து, வெயில், பல்வலி, சட்டைத் துணியின் தரம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல், தொலைபேசியை வாங்கித் தன் காதில் வைத்தாள். அந்த நொடியே மறுமுனையில் பேச்சு நின்றது. ஏதாவது சொல்லுங்க என்றாள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் மூக்கால். அவள் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். “அவரேதான் அண்ணி,” என்றாள்.

இதற்கிடையில் அந்த மூன்று பேரின் மனைவிமாரும் அவளைத் தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சட்டைக்காரர் வீட்டம்மா, “அக்கா, இவரு செருப்பக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில வைக்கிறாரு. உங்க வீட்லயும் இப்படித்தானா?” என்று கேட்டாள். ஆமா, எடுத்து வெளிய வெச்சுடாதே, அதுக்குத் தனியா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வெச்சுப்பாரு என்று அவள் சொன்னாள். பொம்மைக்காரர் வீட்டம்மா கோபத்தைப் பற்றிக் கேட்டாள். பசி வேளையில் எதிர்த்துப் பேசாதே, சாப்பிட்டதும் நீ சொன்னதையே அவர் சொல்வார் என்று பதில் போயிற்று. இருமல் மட்டும் பொம்மைக்காரருக்கும் சட்டைக்காரருக்கும் சேர்ந்தே வந்தது. சக்கரம் வைத்த செருப்பு யாருக்கு என்று தீர்ப்பில் தெளிவாகச் சொல்லாததால் நேர்ந்த குழப்பம் அது.

அவளுக்கு இப்போது ஒன்று விளங்கியது. மூன்று பேரும் தனித்தனியாக வருகிறவரை காரணம் வரப்போவதில்லை. ஆனால் ஒருவர் இருக்கும் ஊரில் இன்னொருவர் தண்ணீர் குடிக்கமாட்டார். அவர்களுக்கு எதன்மேல் ஆசை என்று யோசித்தாள். பள்ளத்தின்மேல்தான். மூன்று பேரின் விளம்பரத்திலும் அந்தப் பள்ளம் இருந்தது. பொம்மைக்காரர் பிளாஸ்டிக்கில்கூடப் பள்ளம் வைத்திருந்தார், சட்டைக்காரர் சட்டையின் வலது தோளில் சுருக்கம் தைத்திருந்தார். ஆகவே, பள்ளம் போட்ட அசல் கல்லைக் காட்டுகிறேன், பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளலாம், உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன், ஞாயிறு காலை வந்துவிடுங்கள் என்று நாத்தனார் மூலம் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லியனுப்பினாள். அதில் ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்பது பொய். நாத்தனார் அதை ரசித்துச் சொன்னார்.

மூன்று பேரும் வந்தார்கள். பட்டறை வாசலில் ஒருவரை ஒருவர் கண்டதும் மூன்று பேருக்கும் முகம் கடுகடுத்தது, ஆனால் சண்டை போட முடியவில்லை. கோபம் முழுவதும் பொம்மைக்காரரிடம் இருந்தது, அவருக்கும் அது அவள்மேல்தான் வந்தது. இறக்குமதிக்காரர் யாரையும் கவனிக்கவில்லை. அவர் கைகள் ஏற்கெனவே பட்டறைக்குள் போக அவசரப்பட்டன. மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி நின்றது. கழுதைக்காரர் பேச்சை நிறுத்திய அன்று அவள் சாய்த்துவிட்டு வந்த வண்டி அது. அன்றே அவர் அதைக் கழுவித் துடைத்து மூடி, இது விக்கறதுக்கில்ல என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். எஞ்சினில் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் போனபின் அதைத் திறந்து பார்க்கிற தெம்பு அவளுக்கு வரவில்லை.

இறக்குமதிக்காரரின் விரல்கள் கயிற்று முடிச்சுகளை, கண் பார்க்காமலே, வரிசையாக அவிழ்த்தன. தார்ப்பாயை இழுத்தார். சிவப்பு வண்டி, இடது பக்கம் பள்ளம். அவர் கை நேராக இருக்கைக்குப் போயிற்று. அதைத் தட்டியது, தரையிலிருந்து இருக்கைவரை சாண் போட்டு அளந்தது. பிறகு கிக்கரைத் தொட்டது. அது மற்ற வண்டிகளின் கிக்கரைவிடக் குட்டையாக இருந்தது, வெட்டிப் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. “என்னமோ காட்டச் சொல்லுதும்மா கை,” என்றார் அவர், “எனக்கு ஒண்ணும் புரியல.” அதே நேரம் பொம்மைக்காரரின் கோபம் உடைந்தது. வண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, சின்னப் பிள்ளையைப்போல் விசும்பத் தொடங்கினார். எல்லோரும் சட்டைக்காரரைப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஒரு சத்தம் வரவில்லை. அவள் முகத்துக்கு நேரே அந்தக் குரலால் பேச முடியவில்லை.

நாத்தனார்தான் வழி கண்டுபிடித்தார். இருவருக்கும் நடுவில் போய் நின்று, சுளுக்குக் கழுத்தை ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

“அவளப் பாக்காதடா. என்கிட்ட சொல்லு.”

சட்டைக்காரர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் வந்தது.

“அவகிட்ட சொல்லுக்கா. அது அவளுக்குன்னு செஞ்ச வண்டின்னு. எல்லா வண்டியையும் எனக்கு ஏத்த உசரத்துல செஞ்சு செஞ்சு, அவ நுனிக்கால்ல நின்னே ஓட்டினா. அதனால சீட்ட இறக்கி, கிக்கர வெட்டி, அவளுக்குன்னு ஒண்ணு செஞ்சேன். ஒக்காந்ததும் தெரியும், வந்து ஏதாவது சொல்லுவான்னு வாசல்லயே நின்னேன். அவ கவனிக்கவே இல்லக்கா. மத்த வண்டியாட்டம் கொண்டுபோய்ச் சாச்சுட்டு, வந்து கை கழுவுறா.”

பொம்மைக்காரர் மூக்கை உறிஞ்சினார். நாத்தனார் பழக்க தோஷத்தில் அவள் பக்கம் திரும்பி, கேட்ட அத்தனையையும் மறுபடி சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகத்தில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து நின்றன. “அண்ணி,” என்றாள், “அன்னிக்கு நான் புது பூட்ஸ் போட்டிருந்தேன்னு சொல்லுங்க. அடி தடிமனா இருக்கும் அந்த பூட்ஸ். கால் ரெண்டும் தரையில ஊனிச்சு. அட, பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான்னு நெனச்சேன்.”

முதலில் சிரித்தது பொம்மைக்காரர். கண்ணீர் காயாத முகத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கழுதைக்காரரின் சிரிப்பைச் சிரித்தார். அவள் முன்னால் அது வெளியே வந்தது அதுவே முதல் தடவை. பிறகு நாத்தனார் சிரித்தார், பிறகு எல்லோரும். ஒரு பூட்ஸுக்காக இத்தனை வருடம் என்று அவளுக்கு ஆறவில்லை. போன காலத்தை யார் தருவது என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரை மெல்ல ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, சட்டைக்காரருக்கு நேரே வந்து நின்றாள்.

“எனக்குன்னு தெரிஞ்சிருந்தாலும் சாச்சுத்தான் இருப்பேன். விழாத வண்டிய நான் ஓட்டமாட்டேங்க. அது உங்களுக்கே தெரியும்.”

சட்டைக்காரர் இந்தத் தடவை அக்காவின் பக்கம் திரும்பவில்லை.

“தெரியும்,” என்றது குரல், அவளைப் பார்த்தே.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. இறக்குமதிக்காரரின் கைகள் பெட்ரோல் குழாயைத் திறந்து எதையோ அரைத்திருகு திருகின, அவள் கிக்கரை ஒரே மிதியில் மிதித்தாள். வண்டி திருப்பி உதைக்கவில்லை. மேட்டைச் சுற்றி, மஞ்சள் கல்லைத் தாண்டி, ஆற்றுப்படுகைவரை போய்ச் சேறு அப்பிய முகத்தோடு திரும்பி வந்தாள். அதற்குள் மூன்று பேரும் கல்லுக்குப் பக்கத்தில் சேர்ந்து நின்று படம் பிடித்து முடித்திருந்தார்கள்.

அதன்பின் மாதத்தில் ஒரு நாள் இறக்குமதிக்காரரின் லாரி மேட்டுக்கு வரும். அவளும் அவள் மாணவிகளும் வண்டிகளை ஒவ்வொன்றாக இடது பக்கம் சாய்ப்பார்கள். இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள கழுதைகள் இப்போது நிறைய ஓடுகின்றன, சேற்றைக் கண்டு அவை நிற்பதில்லை. வழக்குகள் தாமாக ஓய்ந்தன. சில நாள் கழித்து நான்காவதாக ஒருவர், பெட்டிகளுக்கும் பைகளுக்கும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று முறையாக அனுமதி கேட்டு வந்தார். மிச்சம் குறட்டை மட்டும்தான் இருக்கு, பரவாயில்லையா என்று நாத்தனார் கேட்டார். அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்து ஒப்புக்கொண்டார். இப்போது அவர் வீட்டில் தனித்தனி அறையில் தூங்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள். கழுதைக்காரர் வந்துவிட்டாரா என்று தெருவில் கேட்பவர்களும் உண்டு, பாதி வந்தாச்சு, பஸ் தாமதம் என்று பதில் சொல்பவர்களும் உண்டு. முட்டி முக்காலியில் நீண்டிருக்கும், சிரிப்பு அடுக்களையைத் தாண்டிக் கேட்கும். சட்டைக்காரர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பேசாமல் விட்ட காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசுவார். அந்த வருடத்து மழை, அந்த வருடத்து உப்பு, அப்போது சொல்ல நினைத்து விழுங்கிய ஒவ்வொன்றும் வரும். முதல் சில மாதங்கள் அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டாள். போன ஞாயிறு, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது, அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“கொஞ்ச நேரம் பேசாம சாப்பிடச் சொல்லுங்க அண்ணி அவர.”

நாத்தனார் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, அதை அப்படியே சொன்னார். அவர் கேட்கவில்லை, உப்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்.